செலவழித்தும் இழுக்காத பைக்: மாற்றியமைத்த என்ஜினில் சக்தி எங்கே போகிறது?

பைக் என்ஜினை மாற்றியமைப்பது பற்றிப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் கூட்டல் கணக்காகத்தான் இருக்கிறது. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், பெரிதாக்கினால் இரண்டு குதிரைத்திறன், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பெரிதாக்கினால் ஒன்றரை, வால்வுகளைத் திறந்து மூடும் கேமுக்கு இரண்டு, சைலன்சருக்கு ஒன்று. ஆக மொத்தம் ஆறரை. நெல்லித்தோப்பிலோ மஞ்சக்குப்பத்திலோ பட்டறை வாசலில் நின்று போட்ட இந்தக் கணக்கை நம்பிப் பணம் செலவாகிறது, பாகங்கள் ஏறுகின்றன, வண்டி வெளியே வருகிறது. சத்தம் இரு மடங்காகிவிட்டது. இழுவை மட்டும் பழையபடியே இருக்கிறது; சில வண்டிகளில் பழையதைவிடக் குறைவு. உடனே பழி மெக்கானிக் மீதோ, போலிப் பாகத்தின் மீதோ, பெட்ரோல் மீதோ விழுகிறது.

இவற்றில் ஏதேனும் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டல் கணக்கே தவறு. ஒவ்வொரு பாகமும் தன் பங்குக்குச் சக்தியைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. என்ஜினுக்குள் எது இடுக்கமாக இருக்கிறதோ அதுதான் மொத்தச் சக்தியைத் தீர்மானிக்கிறது. இடுக்கத்தைக் கண்டுபிடிக்காமல் மற்ற இடங்களில் செய்யும் செலவெல்லாம் வீண். அதைக் கண்டுபிடிக்க என்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். முழு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

பந்திக் கணக்கு

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டு எழுந்தார்கள் என்பதை எவை முடிவு செய்கின்றன? எத்தனை நாற்காலிகள், ஒவ்வொரு பந்தியிலும் அவற்றில் எத்தனை நிரம்புகின்றன, எத்தனை பந்திகள் நடக்கின்றன, வந்தவர்களுக்கு ஏற்றபடி பரிமாறுகிறார்களா, சாப்பிட்டவர்கள் அடுத்த பந்திக்கு வழிவிட்டு வெளியேறுகிறார்களா. நாற்காலிகளை மட்டும் கூட்டிவிட்டு, ஒருவர் ஒருவராக நுழையும் பழைய கதவையே வைத்திருந்தால், மெதுவாக நடக்கும் பந்தியில் எல்லா நாற்காலியும் நிரம்பும். அவசரமாகப் பந்தி மேல் பந்தி போடும்போது கூடுதல் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும்.

என்ஜினில் நாற்காலிகளின் இடத்தில் இருப்பது சிலிண்டரின் கொள்ளளவு. நாம் சிசி என்று சொல்வது அதைத்தான். விருந்தினர் காற்று. சாப்பாடு பெட்ரோல். உள்வாசல் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் இன்லெட் வால்வும் சேர்ந்தது. வெளிவாசல் எக்ஸாஸ்ட் வால்வும் சைலன்சரும். பந்திகளின் எண்ணிக்கை ஆர்பிஎம், அதாவது பிஸ்டன் தள்ளிச் சுழலும் கிராங்க் தண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பந்தி.

நம் ஊரில் எல்லா வீட்டுத் திண்ணையோரமும் நிற்கும் ஸ்பிளெண்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 97.2 சிசி. 8000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4000 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுக்க நிரம்பினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 389 லிட்டர் காற்று. உண்மையில் அவ்வளவு நிரம்பாது. கொள்ளளவில் எத்தனை சதவீதம் நிரம்புகிறதோ அதை நிரப்புத்திறன் என்று சொல்லலாம். மாற்றியமைத்த என்ஜின்களில் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த நிரப்புத்திறனில்தான் ஒளிந்திருக்கிறது; சிசி கூடியிருக்கும், நிரம்பும் சதவீதம் குறைந்திருக்கும்.

சுருக்கமாக: சக்தி என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து, சரியான அளவு பெட்ரோலுடன் எரித்து, வெளியே தள்ளுகிறோம் என்பதுதான். சிசி அதில் ஒரு பகுதி மட்டுமே.

முறுக்குவிசையும் குதிரைத்திறனும்

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டைகளுக்கு அளவே இல்லை. முறுக்குவிசை என்பது கிராங்கை எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்பது. குதிரைத்திறன் என்பது அந்தப் பலத்தோடு எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பது. முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கினால் அது கிடைக்கும்.

50 மி.மீ. போரை 52 மி.மீ. ஆக்கினால் கொள்ளளவு 8 சதவீதம் கூடுகிறது. குறைந்த ஆர்பிஎம்மில் காற்றுக்கு நிதானமாக நுழைய நேரம் இருப்பதால் அந்த 8 சதவீதமும் முறுக்குவிசையாகக் கைக்கு வரும். 8000 ஆர்பிஎம்மில் நிலைமை வேறு. வால்வும் கார்புரேட்டரும் அதே பழைய அளவு. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று அந்த வாசலில் நுழைய முடியுமோ அது முன்பே ஏறக்குறைய எல்லையைத் தொட்டுவிட்டது. ஆகவே உச்சக் குதிரைத்திறன் பெரிதாக மாறாது. அந்த உச்சம் முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். கடைசி வரை முறுக்கி ஓட்டும் பழக்கம் உள்ளவர் ‘ஒன்றுமே கூடவில்லை’ என்பார். அரியாங்குப்பம் கடைத்தெரு நெரிசலில் மூன்றாவது கியரில் ஓட்டுபவர் ‘நன்றாக இழுக்கிறது’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

முதலில், குறை உண்மையா?

பாகங்களைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. உச்சவேகத்தை வைத்துச் சக்தியை மதிப்பிடுவது மிகவும் ஏமாற்றும் வழி. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி மளமளவென்று ஏறும்: வேகம் இரு மடங்கானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால், சக்தி 10 சதவீதம் கூடினாலும் உச்சவேகம் 3 சதவீதம் அளவுக்குத்தான் கூடும். 90 கிலோமீட்டர் போன வண்டி 93 போகும். அதை ஸ்பீடோமீட்டர் முள்ளின் நடுக்கத்தில் கண்டுபிடிக்கவே முடியாது.

டைனோ என்னும் உருளை மேடையில் வண்டியை ஏற்றிப் பின்சக்கரத்தில் அளந்தால் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். விளம்பரத் தாளில் இருப்பது கிராங்கில் கிடைக்கும் சக்தி. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தின்றதுபோக மிச்சம்தான் பின்சக்கரத்துக்கு வருகிறது. 10 முதல் 15 சதவீதம் குறைவது சாதாரணம். யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் 100 தாளில் 11 குதிரைத்திறன் என்றால் மேடையில் 9.5 காட்டுவது கோளாறு அல்ல. மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, அதே மேடையில் அளந்திருந்தால் மட்டுமே ஒப்பிட முடியும். முன்னால் அளக்காதவரிடம் ஒப்பிட எதுவும் இல்லை, நினைவுதான் இருக்கிறது. சத்தம் கூடிய வண்டியை வேகமான வண்டியாகவும், சத்தம் பழகிப்போன வண்டியை மந்தமான வண்டியாகவும் நினைவு மாற்றிவிடும்.

மேடை கிடைக்கவில்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. வாகனமில்லாத, சமமான சாலையில், ஒரே கியரில் 30-லிருந்து 60 வரை ஏற எத்தனை விநாடி என்று அளப்பது. ஸ்பீடோமீட்டரைக் காணொளி எடுத்தால் பின்னர் நிதானமாக எண்ணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். காலையில் அளப்பது நல்லது. இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஆள் எடையும் பெட்ரோல் அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

வானிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்ஜின் சக்தியை அளக்கும் பன்னாட்டு முறைகள் 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்திருக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக் காற்று அதைவிட 5 சதவீதம் லேசானது. அதோடு கடற்கரை ஈரப்பதம்: காற்றில் இருக்கும் நீராவி சிலிண்டரில் இடத்தைப் பிடிக்கும், எரிய உதவாது. மார்கழி விடியற்காலையில் பாய்ந்த வண்டி சித்திரை மதியத்தில் சோர்வது இதனால்தான்.

என்ஜினைத் தொடாமல் பார்க்க வேண்டியவை

சக்தி குறைந்ததாகக் கொண்டுவரப்படும் வண்டிகளில் சிலவற்றின் என்ஜினில் எந்தக் குறையும் இருக்காது. மாற்றும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டாமல் விட்டிருப்பார்கள். கைப்பிடி முழுக்கத் திரும்பும்; கார்புரேட்டரில் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு முக்கால்வாசிதான் திறக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். என்ஜின் சத்தம் விறுவிறுவென ஏறியும் வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பழைய முறுக்குவிசைக்குப் போதுமாக இருந்த கிளட்ச் தகடு, போர் ஏறிய பிறகு தாங்காமல் போவது வழக்கம்.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘என்ஜின்தான் பெரிதாகிவிட்டதே’ என்று முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 15 பல் போடுவார்கள். அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். போரைப் பெரிதாக்கிச் சம்பாதித்த 8 சதவீதம் இங்கேயே செலவாகிவிட்டது.

பெட்ரோல் மீது போடும் பழியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோயில் வரை வந்து நிரப்பிக்கொண்டு போகக் காரணம் வரி வேறுபாடு. விலை குறைவு என்பதால் சரக்கு மட்டமாகிவிடாது. எல்லைக்கு இருபுறமும் அதே எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல்தான். ஆனால் இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஒரு விதத்தில் முக்கியம். அது கலவைப் பகுதியில் வரும்.

அமுக்கம் கசிகிறதா?

உள்ளே வந்த காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது அமுக்க விகிதம். நன்றாக நெருக்கிய கலவை எரியும்போது பலமாகத் தள்ளும். மாற்றியமைக்கும்போது இந்த விகிதம் தெரியாமலேயே கீழே போய்விடுவது நான் மிகவும் சந்தேகப்படும் இடம்.

97.2 சிசி என்ஜினில் அமுக்க விகிதம் 9 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் 12.15 சிசி. சிலிண்டர் பிளாக்கைத் திரும்பப் பூட்டும்போது, இணைப்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தகட்டைக் கூடுதலாக அரை மி.மீ. வைத்தால் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 1 சிசி கூடிவிடும். விகிதம் 9-லிருந்து 8.4-க்கு இறங்கும். எண்ணெய் கசியக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பேக்கிங்தான்! மேல்பக்கம் தட்டையாகவோ குழிவாகவோ உள்ள பிஸ்டனை, மேடாக இருந்த பழைய பிஸ்டனுக்குப் பதில் போட்டாலும் இதே விளைவுதான்.

அடுத்தது கசிவு. இதற்குக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். ஸ்பார்க் பிளக் இருக்கும் துளையில் அதைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரை கிக்கரை உதைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திறக்காமல் அளந்தால் நல்ல என்ஜினும் மோசமாகத் தெரியும். அளவு குறைவாக வந்தால் அதே துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம்: ரிங் இன்னும் சிலிண்டரோடு பழகவில்லை, அல்லது போர் அடித்த பிறகு சிலிண்டரின் உள்சுவரை இழைக்கும் ஹோனிங் சரியில்லை. ஏறவில்லை என்றால் வால்வு ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் பேக்கிங் விடுகிறது. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளியை மிக இறுக்கமாக வைத்திருந்தால் சூடேறியதும் வால்வு முழுக்க மூடாது. குளிர்ந்த வண்டி நன்றாக இழுத்துச் சூடானதும் துவண்டுபோவதற்கு இது ஒரு காரணம்.

பந்தய வகைக் கேம் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேம் இன்லெட் வால்வை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும். கிக்கர் உதைக்கும் மெதுவான வேகத்தில் காற்று வந்த வழியே திரும்பிப் போகும். கேஜில் அளவு குறைவாகத்தான் வரும். அது கோளாறு அல்ல, கேமின் இயல்பு. அதே இயல்புதான் ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் அந்த வண்டியைச் சோம்பேறியாக்குகிறது.

நேரம் தவறினால்

வால்வு எப்போது திறக்கிறது, பொறி எப்போது விழுகிறது என்ற இரண்டையும் டைமிங் என்றே சொல்கிறார்கள். ஹெட்டைக் கழற்றிப் பூட்டியபோது டைமிங் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். கேம் சக்கரத்தில் 30 பற்கள் என்றால் ஒரு பல்லுக்குக் கேமில் 12 டிகிரி, கிராங்கில் 24 டிகிரி. வண்டி ஓடும், ஐடிலிங் கூட நிற்கும். சக்தி மட்டும் வராது. குறிகளைச் சரிபார்க்க ஓரிரு மூடிகளைக் கழற்றினால் போதும்.

பொறி தாமதமாக விழுந்தால் எரியும் கலவையின் பலம் பிஸ்டனைத் தள்ளாமல் சூடாகச் சைலன்சர் வழியே போய்விடும். முந்தி விழுந்தால் சுத்தியலால் தட்டுவதுபோன்ற நாக்கிங் சத்தம் கேட்கும். அதை அலட்சியம் செய்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற கரையோரத் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பாசிபோலப் பூத்திருப்பதையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். எர்த் இணைப்பு உப்புக்காற்றில் கெட்டால் பொறி வலுவிழக்கும்.

இதுவரை: கேபிள், பிரேக், கிளட்ச், ஸ்ப்ராக்கெட், பிறகு அமுக்கம், பிறகு டைமிங். இவை சரியென்று தெரியும் முன் கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது. கசியும் என்ஜினுக்கு எந்த ஜெட்டும் (பெட்ரோல் அளவாக வரும் சிறு துளைத் திருகு) பொருந்தாது.

கலவை

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இதுவே கலவை விகிதம். முழுச் சக்தி வேண்டுமானால் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, 12.5-லிருந்து 13 வரையிலான விகிதத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவையை லீன் என்றும், மிகுந்ததை ரிச் என்றும் பட்டறையில் சொல்கிறார்கள்.

ஏர் ஃபில்டரைத் திறந்துவிட்டு, புகையைத் தடையின்றி விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டு, ஜெட்டை மட்டும் பழையதாகவே விட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கேற்பக் கூடாது. பந்திக்கு ஆள் வந்துவிட்டார்கள், இலையில் சோறில்லை. போதாக்குறைக்கு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று விகிதம் சுமார் 13.5 தான். பழைய பெட்ரோலுக்குச் சரியாக வைத்த ஜெட் இன்றைய பெட்ரோலில் ஏறத்தாழ 8 சதவீதம் லீனாக ஓடுகிறது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்றது 1996-இல். அதன் ஜெட் அளவை அந்தக் காலக் கையேட்டைப் பார்த்து வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதன் சிலிண்டருக்கு மசகு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. லீனாக ஓட்டினால் சக்தி குறைவதோடு பிஸ்டன் ஜாமும் ஆகும்.

கார்புரேட்டரில் எந்தப் பாகம் எப்போது வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாததால் தவறான இடத்தில் திருகுகிறார்கள். கைப்பிடி சிறிதளவு திறந்திருக்கும்போது பைலட் ஜெட். நடுப்பகுதியில் ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி. முழுக்கத் திறந்தபோது மெயின் ஜெட். முழு வேகத்தில் சக்தி போதவில்லை என்றால் வெளியே தெரியும் ஐடிலிங் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கண்டுபிடிக்க எளிய சோதனைகள் இரண்டு. முழுக்கத் திறந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சற்றே தளர்த்துங்கள். இழுவை கூடினால் மெயின் ஜெட் சிறியது. அல்லது கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இலேசாக இழுத்துப் பாருங்கள்: இழுவை கூடினால் லீன், மந்தமாகித் திக்கினால் கலவை ஏற்கெனவே போதுமானது, அல்லது ரிச். ஜெட்டை ஒவ்வொரு அளவாகத்தான் மாற்ற வேண்டும். பெரிய கார்புரேட்டர் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. வாசல் மிக அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று மந்தமாக ஓடும். பெட்ரோலைச் சரியாக உறிஞ்சித் தூளாக்க அதற்கு வேகம் இருக்காது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் கணினி சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. நிதான ஓட்டத்தில் இது நன்றாக நடக்கும். முழு ஆக்ஸிலேட்டரில் கணினி சென்சாரைக் கேட்பதில்லை. தொழிற்சாலையில் பதிந்து வைத்த அட்டவணைப்படி ஊற்றும். பெரிய சிலிண்டருக்கு அந்த அட்டவணை பொருந்தாது, மாற்றி எழுதத்தான் வேண்டும். சென்சாருக்கு முன்னால் குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து ‘லீன்’ என்று பொய் சொல்லும். கணினி வீணாகப் பெட்ரோலைக் கொட்டும்.

சைலன்சர் விஷயம்

சத்தம் சக்தி அல்ல. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்த அலை பாய்கிறது. குழாயின் நீளமும் அகலமும் பொருந்தினால் அந்த அலை திரும்பி வரும் நேரம் அடுத்த காற்றை உள்ளே இழுக்க உதவும், பொருந்தாவிட்டால் தடுக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது உயிர்நாடி. அவற்றின் சைலன்சர் விரிந்து பின் குறுகும் வடிவம், சிலிண்டரிலிருந்து தப்பிப் போகும் புதுக் கலவையை மறுபடி உள்ளே தள்ளிவிடும். அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும், வண்டி நகராது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. சாலையில் போலீசார் கண்ணில் முதலில் படுவதும் சைலன்சர்தான்.

எதுவும் புலப்படாதபோது

எல்லாவற்றையும் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றால் பின்னோக்கிப் போவதே வழி. மாற்றிய பாகங்களில் ஒன்றை மட்டும் பழையதாக்கி, அதே 30-லிருந்து 60 சோதனையைச் செய்ய வேண்டும். கழற்றிப் போட எளிதானதிலிருந்து தொடங்கலாம்: சைலன்சர், பிறகு ஏர் ஃபில்டர், பிறகு கார்புரேட்டர், கடைசியாகக் கேம். எந்தப் பாகத்தைத் திருப்பியதும் விநாடிகள் குறைகின்றனவோ அங்கே நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பாகமே கெட்டது என்று பொருளில்லை, அது மற்றவற்றோடு பொருந்தவில்லை. ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஜெட் எண், ஊசியின் படி, பேக்கிங் தடிமன், டாப்பெட் இடைவெளி, அன்றைய வெப்பம் இவற்றையெல்லாம் சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த என்ஜினைத் திறக்கும் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.